வேம்புலியின் வலது கால்

இது நடந்த கதை. நடுராத்திரியில் நடந்ததல்ல, சுடுகாட்டுப் பக்கத்திலும் நடந்ததல்ல. அண்ணனூரில், மின்சார ரயில் பணிமனைக்குப் பின்னால் ஒரு வீட்டில், கொடியில் துணி காய்கிற மத்தியான வேளையில் நடந்தது. பேய் என்றால் பன்னிரண்டு மணி அடிக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. ஃபேன்கூட நன்றாகத்தான் சுற்றியது.

என்னிடம் சொன்னது ரெனிதா. பொய் சொல்லி அவளுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. இந்தக் கதையில் உண்மையைச் சொன்னால்தான் அவளுக்குக் கஷ்டம். அது ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

ரெனிதாவின் அப்பா எட்மண்ட். பெயரைச் சொன்னால் பழைய வாசகர்களுக்கு முகத்தில் ஒரு சிரிப்பு வரும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். பகலில் பணிமனை ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பார். சனிக்கிழமை தோறும் ஒரு மாலைப் பத்திரிகையில் ‘அரை டீ’ என்று ஒரு பத்தி எழுதுவார். சின்னப் பத்திதான். ஆனால் அதில் ஒரு சொல்லை உருவ முடியாது, ஒரு சொல்லைச் செருக முடியாது. முதலில் சிரிப்பு வரும். அடி விழுந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். தமிழ் படித்த வாத்தியார்களெல்லாம் வேலப்பன்சாவடிக் கல்லூரிகளில் அதை வாசித்துக் காட்டி, "உரைநடை என்றால் இது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பத்தியில் வாராவாரம் வருகிறவன் வேம்புலி. அண்ணனூர் ஸ்டேஷன் டீக்கடையில் எட்மண்டோடு ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிக்கிறவன். பாவப்பட்ட ஜென்மம். உலகத்தில் வருகிற கஷ்டமெல்லாம் வழி கேட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குத்தான் வரும். ரயில் கதவில் சிக்கி அவன் சுண்டு விரல் போன வாரம், "பத்து வெரலு இருந்தப்பவே ஒரு வேலையும் உருப்படியா செய்யல நைனா, ஒம்போது தாராளம்" என்றான். தீபாவளி வெடியில் கண் போன வாரம், "ஒத்தக் கண்ணுல பாத்தாவே ஊரு இவ்ளோ அசிங்கமா கீது, ரெண்டு எதுக்கு" என்றான். கல்யாணப் பந்தியில்கூட வேம்புலி ஜோக் சொல்லாமல் மோர் ஊற்ற மாட்டார்கள்.

ஒரு தடவை அவனுக்கு இடது கால் முறிந்தது. அடுத்த மாதம் எட்மண்ட் மறந்துபோய் வலது கால் என்று எழுதிவிட்டார். விடுவார்களா வாசகர்கள்? ஆபீஸில் கடிதம் குவிந்தது. அடுத்த சனிக்கிழமை வேம்புலியே பதில் சொன்னான். "செருப்ப மாத்திப் போட்டுகினேன் நைனா, நீ கொயம்பிட்ட." ஊரே சிரித்தது.

எட்மண்ட் ஜூலை மாதம் இறந்துபோனார். மாரடைப்பு. அவருக்கு வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்தான் நான் சொல்லப் போகும் நாள்.

அன்று ரெனிதாவுக்கு அப்பா நினைவே இல்லை. அவளுடைய ஒரே மகள் ஷெரின், இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை, டெங்குவில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐ.சி.யு.வில் ஆறாம் படுக்கை. ரத்தத்தில் தட்டணுக்கள் ஒவ்வொரு பரிசோதனைக்கும் குறைந்துகொண்டே வந்தன. கவுண்ட், கவுண்ட் என்று அந்த ஒரு வார்த்தையைத் தவிர ரெனிதாவின் காதில் வேறு எதுவும் ஏறவில்லை. ரத்தம் ஏற்றியும் நிற்கவில்லை. டாக்டர்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அங்கே அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் மோகனப்பிரியா என்கிற நர்ஸ். சின்னப் பெண். கை உறையை ஊதிக் கோழி செய்து, அதற்கு மூக்கும் முழியும் வரைந்து ஷெரினின் தலைமாட்டில் கட்டிவிட்டிருந்தாள். மூன்று நாளாகக் குளிக்காமல் நின்ற ரெனிதாவை அவள்தான் விரட்டினாள்.

"வீட்டுக்குப் போய்க் குளிச்சு ரெண்டு வாய் சாப்பிட்டு வாங்கக்கா. பாப்பாவ நான் பாத்துக்கிறேன்."

கணவன் பால்ராஜை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ரெனிதா திருவேற்காடு வழியாக ஆட்டோ பிடித்து அண்ணனூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். சோற்றைப் பிசைந்தாள். இறங்கவில்லை. அப்போது போன் அடித்தது. பத்திரிகையிலிருந்து மைதிலி. சனிக்கிழமை மலரைப் பார்த்துக்கொள்பவள்.

"ரெனிதா, அப்பா நினைவுப் பக்கம் இன்னிக்குச் சாயந்தரம் முடிக்கணும். நீங்க ஒரு ‘அரை டீ’ எழுதித் தரேன்னு சொல்லியிருந்தீங்க."

"என் பொண்ணு ஐ.சி.யு.ல இருக்கா மைதிலி. என்னால ஆகாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அம்மா ஞானகுமாரி சுண்ணாம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். கல்லறைக்கு வெள்ளையடிக்கக் கிளம்பியவள். சென்னைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் அவள் நாக்கு இன்னும் வடசேரிச் சந்தையிலேயே நிற்கிறது.

"எழுது மக்களே" என்றாள்.

"அம்மா, ஷெரின் அங்க சாகக் கெடக்கா. நான் இங்க உக்காந்து ஜோக் எழுதணுமா?"

"அவளுக்காவத்தான் எழுதச் சொல்லுதேன்."

ஞானகுமாரி வாளியைக் கீழே வைத்தாள். யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"உங்க அப்பா ஒரு வாரங்கூடச் சும்மா எழுதல. உங்க அண்ணன் ரெனிஷுக்கு ரயில் கதவுல வெரல் நசுங்கிச்சே, எடுத்துரணும்னு டாக்டர் சொன்னாரே, ஞாவகம் இருக்கா? அந்த வாரந்தான் வேம்புலிக்கு வெரல் போச்சு. ரெனிஷுக்கு வெரல் நின்னுச்சு. உனக்குக் கண்ணுல மத்தாப்பு பட்டுச்சு. அவனுக்குக் கண்ணு போச்சு. நீ ஸ்கூட்டர்ல இருந்து வுழுந்து கால்ல பிளேட் வைக்கணும்னாங்க. அடுத்த எக்ஸ்ரேயில வெறும் கீறல்னு வந்துச்சு. ஏன்?"

ரெனிதா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"எனக்கு மாருல கட்டி வந்துச்சு. புத்துநோய்னு எழுதியே குடுத்துட்டாங்க. அந்தச் சனிக்கிழமைதான் வேம்புலி பொண்டாட்டி சரசா செத்துப்போனா."

சரசா செத்த பத்தி. எட்மண்ட் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்பார்கள். அதில் ஒரு சிரிப்பும் இல்லை. அதைப் படித்துவிட்டுப் பேருந்தில் அழுதவர்கள் உண்டு. ஒரு கல்லூரியில் பாடமாகவே வைத்தார்கள். அந்தப் பாடத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று ரெனிதாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அது வெறும் கதைம்மா."

"கததான? கதையில வாற ஆளுக்கு என்ன வலிக்கப் போவுது? உங்க அப்பாவும் அதத்தான் சொல்லுவாரு. ஆனா எடைக்கு எடை வைக்கணும் மக்களே. வெரலுக்கு வெரல். எனக்குச் சரசா."

"ஷெரினுக்கு?"

ஞானகுமாரி மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவனுக்கு ஒரு பொண்ணு உண்டு."

உண்டுதான். பத்தியில் அவளுக்குப் பெயர் கிடையாது. வேம்புலி "பாப்பா" என்றுதான் சொல்லுவான். முப்பது வருஷத்தில் எட்மண்ட் அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவிடவில்லை. வேம்புலியின் வாழ்க்கையில் சூடுபடாத ஒரே இடம் அவள்தான்.

"அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப இத ஏன் பண்ணல?"

"பண்ணினாரே. ஆஸ்பத்திரியில படுத்துகிட்டே எழுதினாரு. வேம்புலிக்கு நெஞ்சு வலின்னு. அந்த ஒரு தடவைதான் பலிக்கல. ஏன்னு தெரியல." வாளியை எடுத்துக்கொண்டு அவள் எதிர்வீட்டு ஆக்னஸோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

ரெனிதா பி.காம். படித்தவள், வங்கியில் வேலை பார்ப்பவள். இதையெல்லாம் நம்புகிற ரகம் இல்லை. ஆனால் மூழ்குகிறவனிடம் கயிறா பாம்பா என்று பார்த்துப் பிடி என்று யார் சொல்வது? மணி மூன்றைத் தாண்டியபோது பால்ராஜ் கூப்பிட்டான்.

"ரெனி... மூக்குல ரத்தம் வருது."

"கவுண்ட்?"

"இன்னும் எறங்கிடுச்சு. நீ... சீக்கிரம் வந்துரு."

அவள் வெளியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அப்பாவின் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். ‘அரை டீ’ என்று தலைப்பு அடித்தாள். அதற்கு மேல் ஒரு எழுத்தும் வரவில்லை.

வெளியே கேட்டின் கொக்கி தூக்கப்படும் சத்தம் கேட்டது.

"சார் ஊடு இதானமா?"

அறுபது வயது மதிக்கத்தக்க ஆள். வெளுத்த சட்டை, கைலி. துக்கம் கேட்க வந்த வாசகர் என்று நினைத்தாள். ஜூலையிலிருந்து இப்படி யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவரை வாசலோடு அனுப்பக் கூடாது.

"வாங்க. அம்மா இல்ல. உக்காருங்க."

அவர் படியேறினார். இடது காலை இழுத்து இழுத்து ஏறினார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். உள்ளே நுழைந்தார்.

உள்ளே வந்தபோது வலது காலை இழுத்தார்.

சரியாகப் பார்த்திருக்க மாட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாள் தூங்காத கண். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள். முழு கிளாஸ். விளிம்புவரை ஊற்றியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

கிளாஸை வாங்கிய கையில் சுண்டு விரல் இல்லை.

"கையில என்னாச்சுங்க?"

"ரயிலு கதவுமா."

அவள் வாசலைப் பார்த்தாள். செருப்பு இரண்டும் அவர் கழற்றிய இடத்திலேயே இருந்தன. வலது கால் இருந்த இடத்தில் இடது செருப்பு. இடது கால் இருந்த இடத்தில் வலது செருப்பு.

அப்போதுதான் என்ன வித்தியாசம் என்று புரிந்தது. ரயில் சத்தம் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ரயில் போவது காதில் விழாது. நின்றால்தான் விழும். பணிமனைக்குப் போகிற வண்டி, வருகிற வண்டி, ஹாரன்... எதுவும் இல்லை.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தமும் இல்லை.

அவர் முகத்தை நிமிர்த்தினார். ஒரு கண் இருந்த இடம் மூடித் தைத்ததுபோல் இருந்தது.

"உங்க பேரு..."

"உனக்குத்தான் தெரியுமே."

ரெனிதாவுக்கு எழுந்து ஓடத் தோன்றியது. அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அவள் அப்பாவின் முப்பது வருஷத்து நகைச்சுவை. படித்தபோதெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தது. ஒரு உடம்பில் மொத்தமாகப் பார்த்தபோது அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

"அப்பா... உங்களக் கற்பனையா எழுதினாருன்னு..."

"ஒரு நா டீக்கடைல பாத்தாரு. கையில சில்லறை இல்லாம நின்னுகினு இருந்தேன். அவரு டீயில பாதி குடுத்தாரு. பேரு கேட்டாரு, சொன்னேன். அவ்ளோதான். நல்ல மனுசன்."

"ஒம்போது வெரல் தாராளம்னு நீங்க..."

"அத உங்கப்பா சொன்னாரு. நா அன்னிக்கு ஒண்ணுமே சொல்லலமா. கத்திகினு இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"நீ எழுதப் போறல்ல. அதான்."

அவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா ஒருத்திதான் பாக்கி. அத உட்ரு கண்ணு. இன்னா எழுதணுமோ எம்மேல எழுது. காச்சலோ, ரத்தமோ, எதுவா இருந்தாலும். எனக்குப் பழக்கம்."

"என் பொண்ணு சாகக் கெடக்கா."

"தெரியும். பாப்பா சொல்லிச்சு."

யார் பாப்பா, யாரிடம் சொன்னது, எப்படித் தெரியும்... எதையும் அவள் கேட்கவில்லை. வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

"அப்பா கடைசியா உங்களுக்கு நெஞ்சு வலி எழுதினாரே. அது..."

"வந்துச்சு. அப்ப ஊட்டுல ஆள் இல்ல."

அதை அவர் வேறு யாருடைய வீட்டைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னார். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

"எழுத மாட்டேன்னு சொல்லு."

"எழுத மாட்டேன். உங்க பொண்ண எழுத மாட்டேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

அவர் எழுந்தார். வலது காலை இழுத்துக்கொண்டு வாசல்வரை போனார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார். இடது காலை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லை. ஆள் இல்லை.

மேஜையில் கிளாஸ் இருந்தது. சரிபாதி டீ. ஏடு படர்ந்து, தொட்டால் ஐஸாக இருந்தது. ஊற்றிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அதன் பிறகு ரெனிதா எழுதினாள். சத்தியத்தைக் காப்பாற்றித்தான் எழுதினாள். வேம்புலிக்கு டெங்கு. வேம்புலிக்கு மூக்கில் ரத்தம். ஆஸ்பத்திரியில் ஆறாம் படுக்கையில் வேம்புலி. "நம்ம ஒடம்புல ரத்தம் கீதுன்னே கொசு சொல்லித்தான் நைனா தெரியும்" என்று ஒரு வரிகூட வந்தது. அப்பாவே பக்கத்தில் நின்று சொல்வதுபோல விரல்கள் ஓடின. நாலு மணிக்கு மைதிலிக்கு அனுப்பினாள். பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பால்ராஜ் கூப்பிட்டான். அழுதுகொண்டிருந்தான்.

"கண்ணு தெறக்க மாட்டேங்குறா ரெனி. கவுண்ட் இன்னும் எறங்கிடுச்சாம். ராத்திரி தாண்டுமான்னு..."

முடிக்கவில்லை அவன். பலிக்கவில்லை. அப்பாவுக்குப் பலிக்காதது போலவே இதுவும் பலிக்கவில்லை. ரெனிதா தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பெற்றவளின் அழுகையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. எட்மண்டுக்குத் தெரிந்திருக்கும்.

மறுபடி போன் அடித்தது. மைதிலி.

"பிரமாதமா வந்திருக்கு ரெனிதா. ஒரே ஒரு சிக்கல். பக்கத்துல வச்சுப் பாத்தா நாலு வரி குறையுது. கீழ வெள்ளையா தெரியுது. ஏதாவது நாலு வரி முடிவுல சேத்துக் குடுங்க. அஞ்சு நிமிஷத்துல பக்கம் போகுது."

நாலு வரி.

மேஜையில் அந்தப் பாதி டீ இருந்தது. வாசலில் யாரும் இல்லை. ரயில் சத்தம் இன்னும் வரவில்லை...

ஷெரின் அவளை அம்மா என்று கூப்பிட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

எழுதினாள்.

"வேம்புலியை விட்டுக் காய்ச்சல் இறங்கியது. இறங்கியது, அவன் பாப்பாவின் மேல் போய் ஏறிக்கொண்டது. அடுத்த முறை நான் போனபோது, அவளுக்காக ஊற்றி வைத்த பாதி டீ ஏடு படர்ந்து அப்படியே இருந்தது. நான் என் பாதியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்."

அனுப்பினாள்.

அனுப்பிய அந்த நொடியில், பணிமனைப் பக்கமிருந்து ஹாரன் அடித்தது. வீடு அதிர ஒரு ரயில் போனது. தலைக்கு மேல் ஃபேன் கடகடத்தது.

இருட்டுவதற்குள் பால்ராஜ் கூப்பிட்டுவிட்டான். ஷெரின் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். அடுத்த பரிசோதனையில் கவுண்ட் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியிருந்தது. டாக்டர்கள் மறுபடி கண்ணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய ஞானகுமாரி மேஜையிலிருந்த பாதி டீயைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

சனிக்கிழமை பத்தி வெளிவந்தது. மைதிலி சந்தோஷமாகப் பேசினாள். ஆபீஸுக்குப் போன் ஓயவே இல்லையாம். அந்தக் கடைசி நாலு வரியைப் படித்துவிட்டு ஒரு பேராசிரியர், அப்பாவை மகள் மிஞ்சிவிட்டாள் என்றாராம். பாடத்தில் சேர்க்க அனுமதி கேட்டாராம். ரெனிதா போனை வைத்துவிட்டாள்.

ஷெரினை வீட்டுக்கு அனுப்பிய அன்று, நன்றி சொல்ல மோகனப்பிரியாவைத் தேடினாள். கை உறைக் கோழி மட்டும் காற்று இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வேறொரு நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பிரியா தவறிட்டாங்கக்கா. டெங்கு. அன்னிக்குச் சாயந்தரம் டூட்டி முடிச்சுப் போனவங்க... உள்ளேயே ரத்தம் கசிஞ்சிருச்சு. ஏத்தின ரத்தம் எதுவுமே நிக்கல."

"என்னிக்குச் சாயந்தரம்?" என்று ரெனிதா கேட்கவில்லை.

ஆனால் பிரியாவின் வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒற்றை அறை வீடு. உள்ளே ஒரு வயதான பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பிரியாவின் அத்தை. சுவரில் மூன்று படங்கள், மூன்றுக்கும் மாலை. புது மாலை மோகனப்பிரியாவுக்கு. அதற்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா. படத்துக்கு அடியில் ‘சரசா’ என்று எழுதியிருந்தது. மூன்றாவது படத்தில் இருந்தவருக்கு ஒரு கண் இல்லை.

ரெனிதா அந்தப் படத்தின் அருகே போனாள்.

"எங்க அண்ணன்மா அது" என்றாள் அத்தை. "அது படாத பாடு இல்ல. வெரலு போச்சு, கண்ணு போச்சு. எடது காலு ஒடிஞ்சு கட்டுகூடப் பிரிக்கல, வலது காலும் போச்சு. எங்கயும் கீழ வியல. படுத்துகினுதான் இருந்துச்சு. படுத்த படுக்கையில டப்புனு ஒடிஞ்சுது. இது எப்படின்னு டாக்டரே எங்களக் கேட்டாரு. அப்பறம் சாவுற வரைக்கும் செருப்ப மாத்தித்தான் போட்டுக்கும்."

இடது காலாவது ரெனிதாவுக்காகப் போனது. அந்த வலது காலுக்கு ஈடாக அவர்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் வந்திருக்கவில்லை. அது வெறும் மறதி. ஊர் சிரித்த மறதி.

"பேப்பர் படிப்பாரா?"

"பேப்பரா? அதுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுமா."

"எப்ப தவறினாரு?"

"ஆடி பொறந்த அன்னிக்கு."

ஜூலை நடுவில். எட்மண்ட் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அந்த நெஞ்சு வலிப் பத்தியை எழுதியது அதற்கு அடுத்த சனிக்கிழமை. வந்துச்சு, அப்ப ஊட்டுல ஆள் இல்ல... அண்ணனூர் வீட்டில் தன் எதிரே உட்கார்ந்து, எம்மேல எழுது என்று கெஞ்சியவரிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமே மிச்சம் இருந்திருக்கவில்லை.

அத்தை எழுந்து அடுப்பில் டீ வைத்தாள்.

"பாப்பா தெனம் டூட்டி முடிஞ்சு வந்து, அப்பன் போட்டோ முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்லும். இன்னிக்கு யாருக்கு எப்படி இருக்குதுன்னு. நீதான் ஆறாம் பெட்டு பாப்பாவோட அம்மாவா?"

ரெனிதா தலையாட்டினாள்.

"நெனப்பு தப்புற வரைக்கும் அதையேதான் கேட்டுகினு இருந்துச்சு. ஆறாம் பெட்டு பாப்பாக்குக் கவுண்ட் ஏறிச்சா, கவுண்ட் ஏறிச்சான்னு. எங்களுக்கு இன்னா தெரியும்? ஏறிச்சாமா?"

"ஏறிடுச்சுங்க" என்றாள் ரெனிதா.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு டீயை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றினாள். ஒன்றை மோகனப்பிரியாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். மற்றதை ரெனிதாவின் கையில் கொடுத்தாள்.

"குட்சிட்டுப் போமா. துக்கத்துக்கு வந்தவங்கள சும்மா அனுப்பக் கூடாது."

படத்துக்கு முன்னாலிருந்த டீயில் மெல்ல ஏடு படர்வதை ரெனிதா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் பாதியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.